மாப்ளே, அந்தப் புள்ளையைப் படிக்க விட்றாதே

வா மாப்ளே, உக்காரு. செருப்பைக் கழட்டாம திண்ணையில ஏறுறேன்னா விசயம் பெருசுதான். என்னது, ஒம் வீட்டுக்காரி படிக்கப் போறேங்குறாளா? முப்பத்தாறு வயசுலயா? சமுதாயக் கல்லூரியில ஒரு வருசப் படிப்பாம், ஆஸ்பத்திரியில நோயாளியைப் பாத்துக்குற வேலையாம், ஃபாரத்தை வாங்கி அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தாளாம், நீ கண்டுபிடிச்சுட்டியாம். அரிசிப் பானைப் பக்கம் நீ எதுக்குப் போனேன்னு நான் கேக்கல.

நீ பதறுறது நியாயம். ஒங்க ஆத்தாவோட கூடப் பொறந்தவன் நான், ஒம் பக்கம் நிக்காம வேற எவன் பக்கம் நிப்பேன்? அதுவுமில்லாம, பொம்பளை படிச்சா என்னென்ன கேடு வரும்னு கண்ணால பாத்தவன். நம்ம புதுக்கோட்டை ஜில்லாவுல 1991-ல நடந்துச்சு. நீ அப்ப டவுசரை ஒரு கையில புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சே.

ஷீலா ராணி சுங்கத்துன்னு ஒரு கலெக்டரம்மா இருந்தாக. அறிவொளி இயக்கம்னு ஆரம்பிச்சாக. தெருவிளக்குக்கு அடியில, மண்டபத்துல, எங்கிட்டு வெளிச்சம் இருந்துச்சோ அங்கிட்டெல்லாம் ராத்திரி வகுப்பு. சம்பள வாத்தியாரு கெடையாது. பத்தாவது பன்னெண்டாவது முடிச்ச புள்ளைக சும்மாவே வந்து சொல்லிக் குடுத்தாக. சும்மா சொல்லிக் குடுக்குறவுகளை நம்பவே கூடாது மாப்ளே. காசு வாங்குறவன்னா மணியடிச்சதும் எந்திரிச்சுப் போயிருவான். இவுக போகவே மாட்டேன்னாக.

எழுத்தோட நின்னுருந்தா ஊரு தப்பிச்சிருக்கும். சைக்கிளையும் அதோட சேத்துட்டாக. பொம்பளை நாலு எழுத்து படிக்கணும்னா வீட்டை விட்டு வெளிய வரணும், வெளிய வரணும்னா எவன் கேரியர்லயும் தொத்திக்கிட்டு வராம தானா வரணும். இதுதான் அந்தக் கணக்கு. பொட்டலு பொட்டலா சைக்கிள் பழகுனாக. களையெடுக்குறவுக, கல்லொடைக்குறவுக, பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக, சேலை செயின்ல மாட்டி விழுந்து, முட்டியைத் தொடச்சுக்கிட்டு மறுபடியும் ஏறுனாக. அதுக்குன்னு ஒரு பாட்டு வேற கட்டிப் பாடுனாக. 1992-ல மகளிர் தினத்தன்னைக்கு ஹேண்டில்ல கொடியைக் கட்டிக்கிட்டு, மணியடிச்சுக்கிட்டு வரிசையா வந்தாக பாரு, டீக்கடை வாசல்ல நின்ன ஆம்பளைக ஒருத்தன் வாயும் மூடல.

லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போச்சு. சரி, தொலைஞ்சுதுன்னு நெனச்சோம். ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்க ஆரம்பிச்சுட்டாக! முன்னால குறுக்க ஒரு பாரு இருக்குல்ல, அதுல புள்ளையை உக்கார வச்சுக்கலாமாம். ஆம்பளை சைக்கிள்னு நாம அடையாளம் வச்சிருந்ததே அந்தக் கம்பிதான், அதுலயும் ஒரு பிரயோசனத்தைக் கண்டுபிடிச்சுட்டாக.

நட்டம் யாருக்குங்குறே? நமக்குத்தான். அதுவரைக்கும் ஒரு பொம்பளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலும், பொறந்த வீட்டுக்குப் போகணும்னாலும் நம்ம மொகத்தைப் பாத்து நிக்கணும். 'இன்னைக்கு முடியாது, நாளைக்குப் பாப்போம்'னு மீசையைத் தடவிக்கிட்டுச் சொல்றதுல ஒரு ராசாத்தனம் இருந்துச்சு. புதுக்கோட்டை ராசாவுக்கு 1948-லயே ராச்சியம் போச்சு. வீட்டுக்கு வீடு மிச்சமிருந்த ராசாக்களுக்கு 1991-லதான் போச்சு.

எழுத்து பண்ணுன அழிச்சாட்டியம் அது தனி. எங்க தெரு வகுப்புல சொல்லிக் குடுக்க வந்த புள்ள மொத நாளே பலகையில 'பட்டா'ன்னு எழுதிப் போட்டுச்சு. ஆடு, இலைன்னு போட்டிருந்தா யாருக்காச்சும் சேதாரம் உண்டா? பட்டாவுன்னதும், கடைசியில உக்காந்திருந்த கெழவி, 'எங் காயிதம் வட்டிக்காரரு வீட்டுல இருக்கே, அதுலயும் இப்படித்தான் எழுதியிருக்குமா'ன்னு கேட்டுச்சு. மறுநா விடிஞ்சதும் அவரு வாசல்ல போயி நின்னுக்கிட்டு, 'அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க, எழுத்துக் கூட்டிப் பழகணும்'னு கேக்குது. அவரு எப்படிக் காட்டுவாரு? கெழவி வாங்குனது ஆயிரம், கைநாட்டுக்கு மேல எழுதியிருந்தது மூவாயிரம். பாவம், அன்னையிலேருந்து அந்த மனுசனுக்குத் தூக்கமே இல்ல.

அதோட போச்சா? கூலிக்குக் கல்லொடைச்ச பொம்பளைக ஒண்ணு சேந்து, சர்க்கார்கிட்ட குவாரியையே குத்தகைக்கு எடுத்துட்டாக. இத்தனைக்கும் நம்ம ஜில்லா எப்பேர்ப்பட்ட ஜில்லா? சித்தன்னவாசல்ல ரெண்டாயிரம் வருசத்து எழுத்து, குடுமியான்மலையில சங்கீதத்துக்கே கல்வெட்டு. இங்க பாறைக்கெல்லாம் எழுத்து தெரியும். அதை ஒடைக்குறவளுக்குத் தெரியக்கூடாதுன்னு நாமளும் எம்புட்டோ காலம் கட்டிக் காத்துத்தான் பாத்தோம்.

ஒண்ணு நெசம், அதையும் சொல்லிப்புடுறேன். அப்பப் படிச்சதுல நெறையப் பேருக்கு எழுத்து மறந்து போச்சு. வகுப்பு நின்னதும் படிக்கறதுக்கு வீட்டுல என்ன இருந்துச்சு, காலண்டரைத் தவுத்து? பஸ்ஸு போர்டைப் படிச்சாகணும், குவாரிக் கணக்கைப் பாத்தாகணும்னு இருந்தவுகளுக்கு மட்டும் ஒட்டிக்கிருச்சு. எழுத்தை மறந்தவுக உண்டு, சைக்கிளை மறந்தவுக ஒருத்தரும் இல்ல. ஏன்னா அது அன்னாடம் காலுக்கு அடியில கெடக்குது. வளந்த ஆளு படிப்பு அப்படித்தான் மாப்ளே, மறுநாளே கைக்கு வேலை குடுத்தா நிக்கும், இல்லாட்டி காத்தோட போயிரும். அதனாலதான் ஒம் வீட்டு விவகாரத்துல எனக்குக் கூடுதல் பயம். அவ போறேங்குறது சும்மா எழுத்துக் கூட்டுற வகுப்பு இல்ல, கையில தொழிலைக் குடுக்குற எடம்.

பேரன்கிட்ட விசாரிச்சேன். இந்தச் சமுதாயக் கல்லூரிங்குறது அமெரிக்கா சரக்காம். சிகாகோ பக்கம் ஜோலியட்டுன்னு ஒரு ஊருல 1901-ல ஆறே ஆறு புள்ளைகளை வச்சுத் தொடங்குனாகளாம். 1947-ல அந்த நாட்டு சனாதிபதி ட்ரூமன் போட்ட கமிசன், ஊருக்கு ஊரு இப்படி ஒரு காலேஜ் வேணும்னு எழுதிக் குடுத்துச்சாம். அங்க பகல்ல லாரி ஓட்டுறவன் ராத்திரி வந்து வெல்டிங் படிப்பானாம், பேரன் பேத்தி எடுத்தவ பக்கத்து நாட்டுப் பாஷை படிப்பாளாம், ஒருத்தரும் சிரிக்க மாட்டாகளாம். சிரிக்க ஆளில்லாத ஊரு என்ன ஊரு! நம்ம பக்கம் 1995-ல பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் இப்படி ஒண்ணைத் தொடங்குச்சு, அடுத்த வருசமே மெட்ராஸுலயும் ஒண்ணு வந்துச்சு. 2002-ல திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்த பெறகு, அதுக்குக் கீழ ஊர்ப்பட்ட காலேஜு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவுகளைத்தான் வாங்க வாங்கன்னு கூப்புடுறாக. நாமதான் பாதியில விட்டவுகளுக்கு ஒரு மரியாதை வச்சிருக்கமே, 'அது படிக்காத கழுதை'ன்னு, அதையும் கெடுக்குறாக.

பாடம் என்னன்னு கேட்டியா? எடுத்த எடுப்புல தொழிலைச் சொல்லித் தர்றதில்லையாம். மொதல்ல 'வாழ்க்கைத் திறன்'னு ஒரு பாடமாம். நாலு பேரு முன்னால எந்திரிச்சு நின்னு பேசுறது, கூச்சம் விடுறது, தன் மேல தனக்கே ஒரு மதிப்பு வர்றது. பாத்தியா மாப்ளே? மதிப்பாம்! ஒம் வீட்டுல இத்தனை வருசமா யாருக்கும் தேவைப்படாத சாமான் அது. அதுக்குப் பெறகு தொழில், கொஞ்சம் இங்கிலீசு, கம்ப்யூட்டரு. அதுக்குப் பெறகு நெசமான ஆஸ்பத்திரியில கொண்டுபோயி வேலை பழக விடுறாக. சுகரு பாக்க, பிரசரு பாக்க, படுத்த நோயாளிக்கு முதுகுல புண்ணு வராமப் பெரட்டிப் போட. நாளைக்கு நீ கூடுதலா ஒரு கரண்டி சர்க்கரையை டீயில போட்டா, ஏன் எதுக்குன்னு நோயோட பேரைச் சொல்லித் திட்டுவா. வெறும் வசவுன்னா காதுல வாங்காமப் போயிரலாம். வெவரத்தோட வர்ற வசவுக்கு என்ன பண்ணுவ?

'வயசாயிருச்சு'ன்னு சொல்லித் தடுக்கலாம்னு மட்டும் பாக்காதே. கேரளாக்காரன் அந்த வழியை அடைச்சுட்டான். ஆலப்புழைப் பக்கம் கார்த்தியாயினி அம்மான்னு ஒரு ஆத்தா, கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பொழைச்சவுக. 2018-ல தொண்ணூத்தாறு வயசுல எழுத்தறிவுப் பரீச்சை எழுதி நூத்துக்கு 98 வாங்கி மாநிலத்துலயே மொதலா வந்தாக. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு அவுக தாளை எட்டிப் பாக்குற போட்டோ பேப்பர்ல வந்துச்சு. அடுத்து என்ன ஆத்தான்னு கேட்டா கம்ப்யூட்டரு படிக்கணும்னாக, மந்திரி லேப்டாப்பு குடுத்தாரு. 2020-ல டெல்லியில நாரி சக்தி விருதும் வாங்குனாக. அவுக மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்ததைப் பாத்த பெறகு, முப்பத்தாறு வயசு வயசான வயசுன்னு சொன்னா ஒன்னையத்தான் சிரிப்பாக.

அதனால தடுக்குறதை நேரா செய்யாதே. நம்ம ஊருல வளந்த பொம்பளை படிப்பை யாரும் வேணாம்னு சொல்லித் தடுத்ததில்ல. 'படியேன், யாரு வேணாங்குறா'ன்னு சொல்லித்தான் தடுத்திருக்கோம். அதுல எனக்கு அனுபவம் உண்டு, கேட்டுக்க. சனிக்கிழமை வகுப்புன்னா வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒன் சிநேகிதக்காரன் நாலு பேரைச் சாப்பிடக் கூப்புடு. வகுப்புக்குக் கெளம்புற நேரமா பாத்து, சட்டைக்குப் பட்டன் இல்லேன்னு எடுத்துட்டு வா. புத்தகத்தை எடுத்தா டிவியைச் சத்தமா வையி. பரீச்சையன்னைக்கு ஒங்காத்தாவுக்குத் தலை சுத்தணும், அதைச் சொல்லி வச்சுரு, அவளுக்கு அந்த வித்தை தெரியும், என் தங்கச்சிதானே. 'இந்த வயசுல நீ பாஸாகி என்ன டாக்டராவா ஆகப் போறே'ன்னு சிரிச்சுக்கிட்டே, சும்மா தமாசுக்குச் சொல்ற மாதிரி, வாரத்துக்கு ஒரு தடவை சொல்லு. எந்தப் பரீச்சையும் செய்யாத வேலையை அந்தச் சிரிப்பு செஞ்சுரும். ரெண்டு மாசத்துல அவளே, 'நமக்கெல்லாம் எங்கங்க மண்டையில ஏறுது'ன்னு நின்னுருவா. பழி ஒம் மேல வராது. ஊருல பாதிப் படிப்பு இப்படித்தான் நின்னுருக்கு.

என்ன மாப்ளே, தலையைக் குனிஞ்சுட்டே? பட்டனை ஏற்கெனவே எடுத்துட்டுப் போயிட்டியா?

சரி, ஒண்ணு மட்டும் நெசமாவே நீ போயிப் பாக்கணும். எல்லாக் காலேஜும் காலேஜு இல்ல. மாடியில ரெண்டு ரூமைப் புடிச்சு, பிளக்ஸுல வெள்ளைக் கோட்டுப் பொண்ணு படத்தைப் போட்டு, 'நூறு சதம் வேலை'ன்னு எழுதி வச்சுட்டு, பணத்தை வாங்கிப் போட்டுக்கிட்டுப் பூட்டிட்டுப் போறவனும் இருக்கான். சர்டிபிகேட்டுல எந்தப் பல்கலைக்கழகத்து முத்திரை வரும், வேலை பழக எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீகன்னு கேளு. போன வருசம் படிச்ச புள்ளைக இப்ப எங்க வேலை பாக்குதுகன்னு கேட்டு, அதுல ரெண்டு பேருகிட்ட பேசு. திருதிருன்னு முழிச்சான்னா எந்திரிச்சு வந்துரு. கேக்குறதுக்கு வெக்கப்படாதே. மாடு வாங்கும்போது பல்லைப் புடிச்சுப் பாக்குறமா இல்லையா?

இம்புட்டும் சொல்லியும் எனக்கு ஒரு சம்சயம். இவளை வெளிய நின்னு தடுக்குறது கஷ்டம். உள்ள இருந்து கண்காணிக்கணும். நீயும் சேந்துரு. சிரிக்காதே, யோசனையைக் கேளு. ஏசி, பிரிட்ஜு மெக்கானிக்குன்னு அங்க ஒரு படிப்பு இருக்காம். நீ பதினஞ்சு வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டுறவன், கைத்தொழில் ஒனக்குப் புதுசா? ஒம்பதாவதுல வாத்தியாரு அடிச்சாருன்னு ஓடியாந்தவன், இப்ப கொட்டேசன் கேட்டா எம் மகன்கிட்ட வந்து எழுதி வாங்கிட்டுப் போறே. மொதலாளிமாரு பேசுனா 'சரிங்க சரிங்க'ன்னு பாதி புரியாமத் தலையாட்டுறே. அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வேவு பாக்கத்தான் போறேன்னு ஊருல சொல்லிக்கலாம். ஒரே பஸ்ஸு, ஒரே டிபன் கேரியர், செலவும் மிச்சம். ஒண்ணே ஒண்ணு, வாத்தியாரு ஒன்னைவிடச் சின்னப் பயலா இருப்பான். கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்கணும். அவ சரியாச் சொல்லி நீ தப்பாச் சொன்னா, வீடு வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வா.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அது எனக்கெப்படித் தெரியும்னு கேக்காதே, ஊருன்னா நாலு பேரு பேசத்தான் செய்வாக. டிசியைத் தேடு, கரையான் அரிச்சிருந்தா பள்ளிக்கூடத்துல போயி எழுதிக் குடுத்து நகல் வாங்கு. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, போட்டோ ரெண்டு. பதினோரு மணிக்கு ஒரு டவுன் பஸ்ஸு இருக்கு, ஓடு. போட்டோவுக்கு இந்தச் சட்டையோட போயி நிக்காதே, மேல் பட்டன் இல்ல.