55 பனை உயரம்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஊர்காவற்துறையில் நிமிர்ந்து பார்க்க வேண்டியவை கோயில் கோபுரமும் தேவாலயத்துச் சிலுவையும், அடுத்தது பனை, அதற்கும் அடுத்தது குளக்கட்டு. இப்படிப்பட்ட ஊர்களில்தான் வட்டாரத்துக்கு ஒரு மலை நிபுணர் இருக்கிறார். வேலணையில் ஒருவர், புங்குடுதீவில் ஒருவர், நயினாதீவில் இருவர். அந்த இருவருக்குள்ளும் கதை பேச்சு இல்லை.

இந்த மலை நிபுணர் பென்சன்காரர். சங்கக்கடை மனேச்சராக இருந்திருக்கலாம், தபாற்கந்தோரில் முத்திரை குத்தியிருக்கலாம். ஆனால் ஊர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கையில் சீ.ஆர். கொப்பி, கழுத்தில் விசில், தலையில் மங்கித் தொப்பி. குறிகட்டுவான் இறங்குதுறையில் உச்சி வெயிலுக்குள் ஏன் அந்தத் தொப்பி என்று கேட்டால், "உடம்பைக் குளிருக்குப் பழக்கிறன்" என்பார்.

மார்கழிப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கும். வைகாசியில் வெசாக்கோடு முடியும். கார்த்திகை மழைக்குள்ளேயே மாஸ்டர் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார். அவருக்கு வேண்டியது முதல்முறை ஏறுகிறவர்கள். இரண்டாம் முறைக்காரரை அவர் விரும்புவதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே வழி தெரியும், கேள்வியும் கேட்பார்கள்.

பிறகு பயிற்சி. படி என்று இருப்பது பள்ளிக்கூட மாடிக் கட்டடத்தில் மட்டும். அதிபரிடம் திறப்பு வாங்கி, ஞாயிறு பின்னேரம் எல்லோரையும் ஏற்றி இறக்குவார். மாடிக்கு 22 படி. மலைக்கு 5,500 என்பது மாஸ்டரின் கணக்கு. அப்படியென்றால் 250 தரம் ஏற வேண்டும் என்று ஓ.எல். எழுதிய பெடியன் ஒருவன் வாயை வைத்துவிட்டான். மாஸ்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ கணக்குப் படிக்க வந்தனியோ, மலை ஏற வந்தனியோ?" ஏழாவது தரத்தில் தேத்தண்ணி வந்தது, பயிற்சி நிறைவடைந்தது.

மலை எவ்வளவு உயரம்? 2,243 மீற்றர் என்று சொல்லிப் பிரயோசனமில்லை. தீவாருக்கு மீற்றர் சீலைத் துணி அளக்கத்தான். மாஸ்டர் பனையில் சொல்வார். அடிவாரமான நல்லதண்ணியில் வானால் இறங்கி ஏற வேண்டிய மிச்ச உயரம் சுமார் 1,000 மீற்றர். ஒரு பனை அறுபதடி என்று வைத்துக்கொண்டால் 55 பனை, ஒன்றின் தலையில் ஒன்றாக. இதைக் கேட்டதும் இரண்டு பேர் பெயர் வெட்டச் சொல்வார்கள். மாஸ்டர் வெட்டமாட்டார். காசு கட்டியாயிற்று.

தீவானுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று யாழ்ப்பாண ரவுன் ஆட்கள் நக்கலடித்தால், மாஸ்டரிடம் ஓர் அஸ்திரம் இருக்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவுக்குப் பாதமலை பார்க்க ஆசை. அவரை அனுப்பிவைத்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்குக் கொடுத்தான், ஆண்டுதோறும் பாதத்துக்குப் போய்வருகிற யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டமாகவே அனுப்பினான். இதெல்லாம் அந்தப் பயணியே சொல்லிவைத்த சங்கதி. "வருசா வருசம் போற நாலு பேர் எண்டு கிடக்கெல்லே? அந்த வேலைதான் நான் பாக்கிறன்" என்பார் மாஸ்டர். மறுத்துப் பேச ஏலாது. ஒரேயொரு வித்தியாசம், அந்தக் காலத்தில் சாமான் தூக்கப் பதினைந்து பேர். இப்போது மாஸ்டரின் பையையும் அந்த ஓ.எல். பெடியன்தான் தூக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவரான நெடுந்தீவு ஆச்சி பயணத்துக்கு முதல்நாளே படகேறி வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவா. அவவின் பையில் பனங்கட்டிக் குட்டான், ஒடியல், சித்தாலேப டப்பி, அதோடு வேப்பெண்ணெய்ப் போத்தல் ஒன்று. எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியா தாண்டுமுன் கச்சான் முடிந்து, மஸ்கெலியாவில் குளிர் தொடங்கும்போது சேட்டுக்கு மேல் சேட்டு, அதற்கு மேல் சாரம், அதற்கும் மேல் துவாய். பாட்டாவோடு வந்தவர்கள் நாலு பேர். சப்பாத்து என்று கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தும்.

இரவு பத்து மணிக்கு விசில். சிங்கள யாத்திரைக் கூட்டங்களில் முன்னே போகிறவரை நடே குரா என்பார்கள். அந்தப் பட்டத்தைத் தெரிந்துகொண்டதிலிருந்து மாஸ்டரின் நடையே மாறிவிட்டது. அவருடைய சட்டம் ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. சீத கங்குல ஓடையில் எல்லோரும் குளித்தே ஆக வேண்டும் என்று விசில் அடிப்பார். அந்தப் பனித் தண்ணீரில் பெடியள் விறைத்துக் கத்த, தான் மட்டும் உச்சந்தலையில் மூன்று துளி தெளித்துவிட்டு, "எனக்குத் தடிமன்" என்பார். இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பார். அங்கே நூலைக் கட்டிவிட்டு உருண்டையை அவிழ்த்துக்கொண்டே ஏறுவது வழக்கம். வெள்ளை நூல் ஆயிரக்கணக்கில் சிக்கிப் பாதையோரம் பஞ்சுப் பொதியாகக் கிடக்கும். ஆச்சி தன் நூலை யாரோ ஒரு குருநாகல் அம்மாவின் நூலோடு சேர்த்து முடிந்துவிட்டா. பாஷை தெரியாமலே இருவரும் பத்து நிமிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

நடுச்சாமத்துக்குப் பிறகுதான் மாஸ்டரின் சோதனை. தேத்தண்ணிக் கடைக்குக் கடை நின்று, "பின்னாலை வாற ஆக்களைப் பாக்க வேணும்" என்று பொறுப்போடு சொல்லி உட்காருவார். பின்னால் ஒருவரும் இல்லை. எல்லோரும் முன்னுக்குப் போய்விட்டார்கள்.

அதிலும் முதலாவதாகப் போனவர் கூட்டத்தில் வாயே திறக்காதிருந்த ஒருவர், பனை சீவுகிறவர். அறுபதைத் தாண்டிய மனுசன். பயிற்சிக்கு வரவில்லை என்று கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே புள்ளடி. இருபது பனை, காலையில் ஒருக்கா, மாலையில் ஒருக்கா. மாஸ்டரின் அளவுகோலாலேயே பார்த்தால் இந்த மனுசன் ஒன்றரை நாளுக்கு ஒருதரம் சிவனொளிபாதமலை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர், அதுவும் கைபிடிக் கம்பி இல்லாமல். எங்கள் ஊரில் யார் எதில் நிபுணர் என்று தீர்மானிப்பது உயரமில்லை, கொப்பி. மேலே போய்ச் சேர்ந்த மாஸ்டர், பீடி பற்றவைத்தபடி குந்தியிருந்த அவரைக் கண்டதும் கேட்டது: "ஆரைக் கேட்டு முன்னுக்கு வந்தனீர்?"

உச்சியில் மணி. ஏறிய தடவைக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். புதியவர்கள் ஆளுக்கொன்று அடித்தார்கள். மாஸ்டர் கயிற்றைப் பிடித்ததும் வரிசை நின்றுவிட்டது. பெடியன் எண்ணினான்: 21. போன வருசம் 17 என்று அவனுடைய தமையன் சொல்லியிருந்தான்.

"அதெப்பிடி மாஸ்டர், ஒரு வருசத்திலை நாலு கூடினது?"

"அரைவாசியிலை திரும்பின ஆறு தரம் இருக்குத் தம்பி. ஆறு அரை எவ்வளவு? அதோடை இந்த முறை ஒண்டு."

கணக்குச் சரிதான். பெடியன் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

சூரியன் வந்தது, மஞ்சளாகக் கொஞ்சம். மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுமுன் புகார் மூடிவிட்டது. மாஸ்டர் புகாருக்குள் கையை நீட்டி, நிழலின் நுனி இதிலை, அடி அதிலை என்று விளக்கினார். ஊருக்குப் போனதும் அத்தனை பேரும் கண்ணால் கண்டதாகத்தான் சொல்வார்கள்.

பாதத்தைக் கும்பிட்டு வெளியே வந்த ஆச்சிக்குத் திருப்தியில்லை. சிவன் பாதம் என்கிறார்கள், புத்தர் பாதம் என்கிறார்கள், ஆதம் பாதம் என்கிறார்கள். அதில் அவவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. "எங்கட நெடுந்தீவிலையும் கல்லிலை பெரிய பாதம் ஒண்டு கிடக்குத்தானே. படியும் இல்லை, பனியும் இல்லை. லான்ட்மாஸ்ரரிலை போய் இறங்கிப் பாக்கலாம்."

மாஸ்டர் கண் வெட்டவில்லை. "அது மற்றக் கால், ஆச்சி."

இறக்கம்தான் முழங்காலைக் கேட்கும். ஏறும்போது முன்னே ஓடிய இளந்தாரிகள் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க, ஆச்சி வேப்பெண்ணெய்ப் போத்தலைத் திறந்தா. ஏன் கொண்டுவந்தா என்று அப்போது விளங்கியது. நாற்றமும் வந்தது. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வான் ஹட்டனைத் தாண்டுமுன் எல்லோரும் நித்திரை. மாஸ்டர் மட்டும் சீ.ஆர். கொப்பியில் புதுப்பக்கம் புரட்டி, சீற் சீற்றாகக் குனிந்து, "அடுத்த வருசமும் வாறதுதானே?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு போனார். வளைவுக்கு வளைவு வான் ஆட, தலைகளும் ஆடின. ஆடிய தலைக்கெல்லாம் பெயர் எழுதிக்கொண்டார்.