தேங்காய் எண்ணெய் தடவினீங்களா?

இன்று காலை ஆறே காலுக்குத் தெருமுனையில் ஒரு பெரியவர் எதிரே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல வேகத்தில் நடை. நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் நாயை மட்டும் ஒரு தடவை பார்த்தார். “தேங்காய் எண்ணெய் தடவுங்க சார், நின்னுடும்” என்றார். போயேவிட்டார்.

முப்பத்தெட்டாவது ஆள். பொங்கலுக்கு மறுநாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன்.

நின்றுவிடும் என்றாரே, எது, அரிப்பா நாயா என்று கேட்கத் திரும்பினேன். அதற்குள் பால் பூத் வாசலில் இன்னொருவருடைய முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் எண்ணெய்தான் சொல்லியிருப்பார்.

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். மறுக்க வேண்டாம். நானே ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் சேற்றுப்புண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவும் அவர் கேட்காமலே. ஆகவே இங்கே யாரும் யோக்கியர் இல்லை. ஆனால் நாய்த் தோலுக்கு எண்ணெய் ஏன் கூடாது என்று டாக்டர் எனக்கு மூன்று காரணம் சொன்னார். அந்த மூன்றையும் எழுதி, தெருவில் கேட்கிறவர்களிடம் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் முன்கதை.

நாயின் பெயர் கருப்பு. கறுப்பு லாப்ரடார், நான்கு வயது, 31 கிலோ. காவல் தெய்வத்தின் பெயரை வைத்துவிட்டு “வாடா போடா” என்று கூப்பிடுவாயா என்று என் அம்மா அன்றைக்கே சண்டை போட்டார். அவர் மட்டும் இன்றுவரை “பையா” என்றுதான் கூப்பிடுகிறார். நாய் இரண்டுக்கும் வராது, பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தத்துக்குத்தான் வரும். வெள்ளை நாய்க்குப் பொடுகு வந்தால் வளர்க்கிறவருக்கு மட்டும் தெரியும். கறுப்பு நாய்க்கு வந்தால் மடிப்பாக்கத்துக்கே தெரியும். முதுகில் யாரோ விபூதியை அள்ளிக் கொட்டிய மாதிரி இருக்கும். ஒரு உதறு உதறினால் டீ டம்ளரைக் கையால் மூட வேண்டும்.

பகலில்கூடப் பரவாயில்லை. ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஆரம்பிப்பான். பின்னங்காலைத் தூக்கிச் சொறியும்போது குதிகால் தரையில் இடிக்கும். டக் டக் டக் டக். நிறுத்துவான். நமக்குக் கண் செருகும். டக் டக். நாங்கள் இருப்பது மாடியில், கீழே ஹவுஸ் ஓனர். ஒருநாள் காலை படியேறி வந்து, “ராத்திரியில கட்டில் கிட்டில் செய்றீங்களா தம்பி?” என்று கேட்டார். நாய் சொறிகிறது என்றேன். வாடகையை ஏற்றப் போகிறார் என்று பயந்தேன். அவர் முகமோ பூவாக மலர்ந்தது. “அட, இதுக்குப் போயா? தேங்காய் எண்ணெய்...” பதினோராவது ஆள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். “தேங்காய் எண்ணெய்” என்று சொல்லிவிட்டு அதோடு போகிறவர்கள் சாதுக்கள். இன்னொரு வகை இருக்கிறது. தடவியாச்சு என்று பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், “எந்த எண்ணெய்?” என்பார்கள். பாக்கெட் எண்ணெய் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். செக்கு எண்ணெய் என்றால், “மரச்செக்கா, இரும்புச் செக்கா?” மரச்செக்கு என்றால், “வாகை மரமா?” அங்கே நான் தோற்றுப்போனேன். செக்கு எந்த மரத்தில் செய்தது என்று தெரியாதவனெல்லாம் நாய் வளர்க்க வந்துவிட்டானே என்று அவர் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

மரம் முடிந்தால் சேர்மானம். ஒருவர் வேப்பிலையைப் போட்டுச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சச் சொன்னார். ஒருவர் குப்பைமேனியை அரைத்துக் கலக்கச் சொன்னார். இஸ்திரிக்காரர் கந்தகம் என்றார். மாடி வீட்டு மாமி கற்பூரம் என்றார். கற்பூரமும் நாயும் ஆகாது, நக்கினால் வலிப்பு வரைக்கும் போகும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இன்னொரு அம்மா சின்ன வெங்காயத்தை உரித்துப் போடச் சொன்னார். அதுவும் நாய்க்கு விஷம். அவர் சொல்வது முடி வளர்கிற எண்ணெய் என்பது பாதியில்தான் எனக்குப் புரிந்தது, அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. கறிவேப்பிலையும் கிள்ளிப் போடச் சொன்னார். கடுகு ஒன்றுதான் பாக்கி.

சேர்மானம் முடிந்தால் கிழமை. “ஆண் நாய்தானே? அப்ப புதன், சனி. பொட்டைன்னா செவ்வாய், வெள்ளி.” இதைச் சொன்னவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சனிக்கிழமை தடவிவிட்டு மிளகு ரசம் கொடுங்கள் என்றார். பகலில் தூங்கவிடக் கூடாதாம். லாப்ரடாரை.

இத்தனைக்கும் நடுவில்தான் பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வந்தார். அவர் “தடவுனீங்களா?” என்று கேட்கவே இல்லை. ஐந்து லிட்டர் கேனோடு வந்து இறங்கினார். தோப்பு வைத்திருக்கிறவரிடம் தேங்காயைப் பற்றி வாதம் செய்ய முடியுமா? “நம்ம காய்ங்க மாப்ளே. நல்லாத் தேச்சு உடுங்க” என்றார். தேய்த்தேன். கருப்பு கண்ணைச் செருகிக்கொண்டு நின்றான். முதுகில் விபூதியைக் காணோம், கல்யாணக் குத்துவிளக்கு மாதிரி மின்னினான். இருபது நிமிடம் ஒரு சொறி இல்லை. மாமனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இருபத்தோராவது நிமிடம் சோபாவில் ஏறினான். சோபாவிலிருந்து கட்டில். கட்டிலிலிருந்து என் மனைவி மடித்து வைத்திருந்த பட்டுப்புடவை. அவனைப் பிடிக்க ஓடிய நான் டைல்ஸில் வழுக்கி விழுந்து பிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் எறும்பு வந்தது. ராத்திரிக்குள் மிச்ச எண்ணெயை அவனே நக்கித் தீர்த்து, விடிவதற்குள் நாலு தடவை வயிற்றால் போனான். “உள்ள இருக்கற சூடெல்லாம் வெளிய போகுதுங்க” என்றார் மாமனார். இரண்டே முக்காலுக்கு டக் டக் டக்.

அதற்கப்புறம்தான் டாக்டர். முதலிலேயே போயிருக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் வேப்பேரியில் 1903-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் ஐந்தரை வருடம் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள். தெருவில் வாக்கிங் போகிறவர்களுக்கோ ஐந்தரை விநாடி போதும். நான் சீக்கிரம் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கருப்புவின் காது மடலை இரண்டு விரலால் தேய்த்துவிட்டுப் பின்னங்காலைக் கவனித்தார். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி கால் ஆடினால் சொறிப்பூச்சி என்று சந்தேகப்படலாமாம். ஆடவில்லை. ஆனாலும் விடாமல் பிளேடால் தோலைச் சுரண்டினார், ரத்தம் துளிர்க்கிற வரைக்கும். சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பக்கத்திலிருந்த புட்டியை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டார்.

“அது என்ன சார்?”

“ஆயில்” என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் பூச்சி தெளிவாகத் தெரிவதற்காக விடுகிற மினரல் ஆயில் என்று அவர் விளக்கினார். விளக்கி என்ன பயன்? வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் அம்மா பூஜையறையிலிருந்தே, “பார்த்தியா, டாக்டரே எண்ணெய்தான் போட்டிருக்கார்” என்றார். அன்று மாலைக்குள் பொள்ளாச்சிக்கும் செய்தி போய்விட்டது.

தகட்டில் பூச்சி இல்லை. அடுத்து வெள்ளைக் காகிதத்தை நனைத்து வைத்துக்கொண்டு வாலடியைப் பேன் சீப்பால் வாரிக் கொட்டினார். மிளகுத்தூள் மாதிரி விழுந்தது. ஈரம் பட்டதும் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செங்காவி நிறம் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சமாம், அந்தச் சிவப்பு என் நாயின் ரத்தமாம். அந்தப் பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள் கணக்கில் அரிக்கும் என்றார். “நாய் மேல தெரியிறது நூத்துல அஞ்சுதான் சார். மிச்சம் தொண்ணூத்தஞ்சும் முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா உங்க வீட்டுலதான் இருக்கு.” நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். இந்த விவரம் ஹவுஸ் ஓனருக்குத் தெரிய வேண்டாம்.

போதாததற்கு அக்குளில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டுப் பார்த்தார். ஈஸ்ட். எனக்கும் காட்டினார், வேர்க்கடலை வேர்க்கடலையாகத் தெரிந்தது. கடலை எண்ணெய் தடவினால் என்ன என்று என் மூளையில் ஒரு மூலை உடனே கேட்டது. வியாதி நாய்க்கு மட்டும் இல்லை.

சரி, அந்த மூன்று காரணம். முதலாவது: எண்ணெய் போட்டதும் செதில் மறைவது குணமாகி இல்லை, ஈரத்தில் ஒட்டிக்கொள்வதால். அடியில் ஈஸ்ட்டுக்கு அந்தப் பிசுபிசுப்பு மாமியார் வீட்டு விருந்து. இரண்டாவது காரணம் நக்குவது பற்றியது. நக்குவது என்றதும் ஷாம்பு ஞாபகம் வருகிறது, அதைச் சொல்லாமல் நகர முடியாது. வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு. போட்டதும் கழுவிவிடக் கூடாது, பத்து நிமிடம் ஊற வேண்டும், நக்கவும் விடக் கூடாது. பத்து நிமிடம் என்று எழுதிக் கொடுப்பது சுலபம். நாலுக்கு ஐந்தடி பாத்ரூமில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பு நுரையில் வழுக்குகிற 31 கிலோ உயிரை மார்போடு அணைத்தபடி செல்போன் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்றாவது நிமிடத்தில் அவன் உதறினான். எனக்கு இப்போது பொடுகும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை.

என்னுடைய ஷாம்பையே அவனுக்குப் போட்டு மிச்சம் பிடிக்கலாமா என்றும் கேட்டேன். நம் தோல் நாய்த் தோலைவிட அமிலத்தன்மை கூடியது, நமக்குச் செய்தது அதற்குப் பொருந்தாது என்றார். நாயின் மேல்தோலில் செல் அடுக்கு மூன்று முதல் ஐந்துதானாம், நமக்குப் பத்துக்கு மேல். எங்கள் தெருவில் சிலருக்கு இன்னும் அதிகம் இருக்கும்.

ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். பைக் ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது ஒருவர் வேஸ்ட் ஆயிலைத் தடவச் சொன்னார். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயில். அவர் தெருநாய் ஒன்றுக்கு அப்படிப் பூசினாராம், சொறி போயே போச்சாம். நாய் எங்கே என்று கேட்டேன். அதுவும் அப்புறம் காணவில்லை என்றார். அந்த ஆயில் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் ஈரலைக் கெடுக்கும். மண்ணெண்ணெய்க்கும் அதே கதைதான். அவரிடம் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி கருப்பு சொறிந்தபோது எழுந்து போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பூச்சிக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது. பாய், மிதியடி, சோபா உறை எல்லாம் வெந்நீரில் துவைத்தாகிவிட்டது. இதிலும் அடங்காவிட்டால் அடுத்தது சாப்பாட்டுப் பரிசோதனையாம். எட்டு வாரம் ஒரே வகை உணவு, வெளியே ஒரு துணுக்குக்கூடக் கூடாது. முனையில் இருக்கிற டீக்கடையில் கருப்புக்கு நாலு பேர் தினமும் பொறை வாங்கிப் போடுகிறார்கள். அதைப் பற்றி இப்போதே நினைக்க நான் தயாராக இல்லை.

வியாழக்கிழமை ஏழரைக்கு மறுபடி டாக்டர். விட்டுப்போன மூன்றாவது காரணத்தை அதற்குப் பிறகு எழுதுகிறேன். அதற்குள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள். எண்ணெய் எதுவும் கொண்டுவர வேண்டாம், கேனில் இன்னும் நாலரை லிட்டர் இருக்கிறது.