கழுகுக்குக் கணக்கு வராது

வேட்டைப் பறவைகளை அவற்றின் வீட்டுக்கே போய்ப் படம் பிடித்த முன்னோடிகளைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பொறுமை, துணிச்சல், அர்ப்பணிப்பு என்று மூன்று சொற்கள் தவறாமல் வரும். மறுப்பதற்கில்லை. செத்த மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து நாள் முழுக்க நிற்பதை வேறு என்னவென்றுதான் சொல்வது?

மாட்டுக்குள் புகுந்தவர்கள் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். 1892இல் முட்டைகளோடு இருந்த ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்து ஆரம்பித்தார்கள். 1895இல் பறவைக் கூடுகளுக்கென்றே, முழுக்க முழுக்கப் புகைப்படங்களோடு ஒரு புத்தகம் கொண்டுவந்துவிட்டார்கள். முட்டையைப் படமெடுப்பதில் பெரிய வித்தை இல்லை, அது எங்கேயும் ஓடாது. வீட்டுக்காரி வீட்டில் இருக்கும்போது எடுப்பதுதான் பாடு. அன்றைய கேமரா கண்ணாடித் தகட்டில் வேலை செய்தது. லென்ஸுக்கு எட்டப் பார்வை கிடையாது. நாலு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தால்தான் பறவை பறவையாகத் தெரியும். பறவையோ நாற்பது அடியிலேயே நம்மை நம்பாது.

1900இல் சகோதரர்கள் ஒரு காளையின் தோலை வாங்கினார்கள். லண்டனில் மிருகங்களைப் பாடம் பண்ணும் பெரிய கடையில் கொடுத்து, உள்ளே சட்டம் வைத்து, நிற்கிற காளையாகச் செய்து வாங்கிக்கொண்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டுபோய் வயலில் நிறுத்தி, வயிற்றுப் பக்கமாக ஒருவர் உள்ளே நுழைந்து, தோலில் போட்ட ஓட்டை வழியே லென்ஸை நீட்ட வேண்டியது. மணிக்கணக்கில் ஒரு வாய் புல் தின்னாமல், வாலைக்கூட ஆட்டாமல் நிற்கும் இந்தக் காளை மேல் பறவைகளுக்குச் சந்தேகமே வரவில்லை. வெயில்தான் காட்டிக்கொடுத்தது. புழுக்கம் தாங்காமல் உள்ளே இருந்தவர் மயக்கம் போட, காளை மல்லாந்து நான்கு கால்களையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்த சம்பவமும் நடந்தது. அந்த வீட்டில் பெண் கொடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளை எங்கே என்று யாராவது விசாரித்தால், மாட்டுக்குள்ளே இருக்கிறார் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? காளை மட்டுமல்ல, செம்மறியாடு, போலி அடிமரம், போலிப் பாறை என்று வேறு அவதாரங்களும் உண்டு.

வானம்பாடியை மாட்டைக் காட்டி ஏமாற்றலாம். கழுகை முடியாது. மலையுச்சிப் பாறை இடுக்கில் திடீரென்று ஒரு காளை நின்றால் கழுகுக்கே சிரிப்பு வந்துவிடும். அதற்குப் புதர்ச் செடிகளையும் புல்கட்டிகளையும் கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாக, பார்த்தும் பாராத மாதிரி ஒரு மறைவிடம் கட்ட வேண்டும். கட்டினாலும் மனிதன் உள்ளே போனதைக் கழுகு பார்த்துவிட்டால் அன்றைக்குக் கூட்டுக்கு வராது. அதற்குத்தான் அந்தப் பிரபலமான மோசடி. இரண்டு பேராக உள்ளே போவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து, கையை வீசிக்கொண்டு, வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு மலையிறங்குவார். கழுகு நிம்மதியாக வந்து உட்காரும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் முயலின் காது ஆடினால் இங்கிருந்தே கண்டுகொள்கிற பறவை. இரண்டில் ஒன்று போனால் மீதி எத்தனை என்று கேட்டால் முழிக்கும். இந்தத் தொழிலின் அஸ்திவாரமே இந்தக் கழித்தல் கணக்குதான்.

ஸ்காட்லாந்தின் பொன்னிறக் கழுகுகளிடம் இப்படிக் கணக்குப் பண்ணியவர்களில் செட்டன் கார்டனும் அவர் மனைவி ஆட்ரியும் முக்கியமானவர்கள். கார்டன் மழையோ வெயிலோ கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடைதான் கட்டுவார். ஸ்காட்லாந்து மலையில் கோடைக்காலத்தில் மிட்ஜ் என்று ஒரு பூச்சி உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால் நன்றாகத் தெரியும். கூட்டமாகத்தான் வரும். முழங்கால் தெரிகிற உடையில், கையை ஓங்கி அடிக்கக்கூட முடியாத மறைவிடத்தில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் கழுகின் கம்பீரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். கழுகின் கம்பீரமும் அப்படி ஓயாமல் நடப்பதில்லை. தாய் வரும், இரையைப் போடும், போகும். பிறகு நெடுநேரம் குஞ்சு தூங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு இப்படிப் பறவையைத் தேடிப்போய் ஒளிந்துகொள்கிற வேலையெல்லாம் பிடிக்காது. கிளீவ்லாந்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஃபிரான்சிஸ் ஹெரிக், சின்னப் பறவைகளிடம் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். கூடு இருக்கும் கிளையை அப்படியே அறுத்துக் கொண்டுவந்து, தன் கூடாரத்தின் வாசலில் நட்டுவிடுவார். குஞ்சுகள் கத்தும், பெற்றவர்கள் தேடிக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? இதைப் புதிய ஆராய்ச்சி முறை என்று 1901இல் புத்தகமாகவும் போட்டார். வெண்தலைக் கழுகிடம் இந்த ஜம்பம் சாயவில்லை. ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையோரம் வெர்மிலியனில் அவர் பார்த்த கூடு ஏறக்குறைய 2 டன் எடை. அறுத்து எடுத்து வர ஆளில்லை. ஆகவே பேராசிரியர் தன்னை இடம் மாற்றிக்கொண்டார். பக்கத்தில் இரும்புக் கோபுரம் எழுப்பி, உச்சியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். 1925 மார்ச் புயலில் மரம் முறிந்து அந்தக் கூடு விழுந்தது. கழுகுகள் வேறு மரம் பார்த்துக் குடிபோயின. விடுவாரா, பின்னாலேயே போனார்.

இதுவரை பறவைகள் தரப்பில் பெரிய எதிர்வினை எதுவும் இல்லை. 1937 மே மாதம் வேல்ஸில் ஒரு பழுப்பு ஆந்தை அந்தப் பாக்கியைத் தீர்த்துவைத்தது. எரிக் ஹாஸ்கிங் என்ற 27 வயது லண்டன் இளைஞர், ஆந்தைக் கூட்டுக்குச் சமமான உயரத்தில் பரண் கட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இருட்டில் பரணுக்கு ஏறியபோது ஆந்தை வந்தது. ஆந்தையின் இறகு ஓரங்கள் மெல்லிய நூல்களாகப் பிரிந்திருப்பதால் காற்று கிழிபடும் சத்தமே எழாது. இவர் எதையும் கேட்கவில்லை. நகம் நேரே இடது கண்ணில் இறங்கியது. பென்சிலின் மருத்துவமனைக்கு வந்துசேராத காலம் அது. கிருமி மற்றக் கண்ணுக்கும் பரவிவிடும் என்று பயந்து, அடிபட்ட கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கேமராவுக்கு ஒரு கண் போதுமே என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வந்திருப்பார்கள். ஏணிக்கு இரண்டு கண் வேண்டும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலைவிட்டுத் துழாவ வேண்டும். ஹாஸ்கிங் துழாவித் துழாவி மறுபடியும் பரண் ஏறினார், அதுவும் ஆந்தைகளிடமே. பத்திரிகைகள் அவர் கதையை எழுதித் தள்ளின. அதுவரை அழகழகாக எடுத்த படங்களால் வராத புகழ், கண் போனதும் வீடு தேடி வந்தது. ஆந்தைக்குத் தரகுப் பணம் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

1957இல் ஸ்பெயினின் கோட்டோ டொன்யானாவுக்கு ஒரு பறவைக் குழு போனது. அங்கே சதுப்பும் மணல்மேடும், கார்க் மரங்களில் பேரரசுக் கழுகுகளும் உண்டு. ஹாஸ்கிங் புகைப்படக்காரராகப் போனார். சினிமா கேமராவோடு கூடவே போனார் 73 வயதுப் பெரியவர் ஒருவர்: ஃபீல்ட் மார்ஷல் ஆலன்புரூக். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சாக்குக் கூடாரத்துக்குள் மூச்சுக் காட்டாமல் உட்காரலாமா என்று கேட்பவர்கள் அவருடைய போர்க்கால டைரியைப் படிக்க வேண்டும். சர்ச்சில் நள்ளிரவு தாண்டியும் தளபதிகளைத் தூங்கவிட மாட்டார். ஒரு நாள் நார்வேயைப் பிடிக்க வேண்டும் என்பார், இன்னொரு நாள் சுமத்ராவின் வடமுனை என்பார். வருஷக்கணக்கில் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் ஆலன்புரூக். டொன்யானாக் கழுகு முயலைக் கொண்டுவந்து போடும், போய்விடும். சுமத்ராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காது.