4 அங்குல ஓட்டை: ஓர் ஆய்வு

அமெரிக்க வீடுகளின் உட்சுவருக்கு டிரைவால் என்று பெயர். உலர்ந்த சுவர். இது இடுகுறிப் பெயரா, காரணப் பெயரா என்பதைத் தீர்க்காமல் ஓட்டைக்குள் நுழைவது ஆய்வறம் ஆகாது. முன்பெல்லாம் அங்கே ரீப்பர்களை வரிசையாக அறைந்து, சுண்ணக் கலவையைப் பலமுறை பூசி, வாரக்கணக்கில் காயவிட்டார்கள். 1894-இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகிதத்துக்கு இடையே ஜிப்சச் சாந்தை வைத்த பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரப்பூச்சு ஒழிந்ததால் காரணப் பெயர் என்பார் ஒரு சாரார். ஆனால் ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். தீப்பிடித்தால் அது ஆவியாகித்தான் தீயைத் தாமதப்படுத்துகிறது. இவ்வளவு நீரை வயிற்றில் வைத்துக்கொண்டு உலர்ந்த சுவர் என்று சொல்லிக்கொள்வதால் இடுகுறியே என்பது எம் துணிபு.

ஆய்வுக் களம், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கூடம். ஆய்வுப் பொருள், இணைய வயரைச் சுவருக்குள் விடுவதற்காக நான் அறுத்த 4 அங்குலச் சதுரம். கருதுகோள்: அடைக்க அடைக்க ஓட்டை பெருகும்.

சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும். மற்ற இடமெல்லாம் அரை அங்குலப் பலகையும் அதன் பின்னால் வெறும் காற்றும்தான். தட்டினால் சட்டத்தின் மேல் 'டக்', காற்றின் மேல் 'தொம்'. மேலிருந்து விட்ட வயர் சரசரவென்று இறங்கிப் பாதியில் நின்றது. குறுக்குக் கட்டை. தீ மேலே ஏறாமலிருக்க வைத்தது. வயரையும் இறங்க விடவில்லை. அந்த இடத்தில் பலகையை அறுத்து, கட்டையைத் துளைத்து, வயரை இறக்கினேன். இதுவரை ஒரு மணி நேரம். மீதி ஒன்பது நாள்.

ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுக் கட்டையைத் திருகி, வெட்டியெடுத்த சதுரத்தையே அதன்மேல் பொருத்தினேன். சுற்றிலும் நூலளவு சந்து. சந்தின் மேல் வலைநாடா ஒட்டியதும் ஓட்டை 6 அங்குலம். நாடா தெரியாமலிருக்கப் பூச்சு. இந்தப் பூச்சுக்கு அங்குள்ள தொழிலாளர் வழக்கு 'சேறு'. வாளி வாளியாகச் சேற்றை விலைக்கு வாங்கும் செய்தியைத் தஞ்சாவூர்ப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். நெடுநேரம் பேச்சே இல்லை.

முதல் பூச்சுக்கு 6 அங்குலத் தகடு, அடுத்ததற்கு 10, கடைசிக்கு 12. ஒவ்வொன்றும் ஒரு நாள் காய வேண்டும். ஒவ்வொன்றும் முந்தைய பூச்சின் விளிம்பைத் தாண்டிப் போய் மெலிந்து மறைய வேண்டும். தாண்டாமல் நிறுத்தினால் என்ன என்று வினவலாம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழும்போது சுவரில் கட்டி புறப்பட்டது போலத் தெரியும். எனவே தாண்டினேன். மூன்றாம் பூச்சு காய்ந்தபோது ஓட்டையின் குறுக்களவு ஒன்றரை அடி.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் தூள் அடுப்படி வரை போயிற்று. அன்று மாலை எனக்குக் காபி வரவில்லை. இதைத் துணைமை ஆதாரமாகக் கொள்க.

பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடித்தால் புதுப்பூச்சு அதை உறிஞ்சி, அந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கும். பிரைமரும் அடித்தேன். கடையில் அதே நிறம்தான் கலந்து கொடுத்தார்கள். ஆனால் ஆறு வருஷம் வெளுத்த சுவரோடு அது ஒட்டவில்லை. மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டியதாயிற்று. 4 அங்குலம் 14 அடி ஆனது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

விருந்தினர் எவரும் அந்த இடத்தை இதுவரை தாமாகக் கண்டுபிடித்ததில்லை. "எங்கே அடைச்சிருக்குன்னு தெரியுதா?" என்று கேட்டு, நானே விரலை வைத்துக் காட்டிவிடுகிறேன். ஆகவே அதன்மேல் முருகன் படம் மாட்டுவதென்று வீட்டில் முடிவாயிற்று. சுவரைத் தட்டி, 'டக்' என்று கேட்ட இடமாகப் பார்த்து ஆணி அடித்தேன். அங்கே சட்டம் இல்லை. படத்தை என் மனைவி பிடித்துவிட்டார். இரண்டாவது ஓட்டை, இன்று காலை அளந்தபடி, ஒன்றரை அங்குலம்.