மாமல்லபுரத்தில் கடை போட ஆசையா?

முதலில் ஒரு டேப் வாங்குங்கள். தச்சர் இடுப்பில் செருகியிருக்கும் குட்டி டேப் போதாது, நிலம் அளக்கிற நீள டேப். புராதனச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடமே கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் செங்கல்லைத் தொட வேண்டும் என்பது சட்டம். மாமல்லபுரத்தில் எந்தச் சந்தில் நின்று கல்லை விட்டெறிந்தாலும் அது பல்லவர் கல் எதன் மீதாவதுதான் போய் விழும். (அதற்கும் வழக்கு உண்டு, எறியாதீர்கள்.) தப்பித்துக் கிழக்கே ஓடினால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் காத்திருக்கும். ஆகவே இங்கே கடையை யாரும் கட்டுவதில்லை, இருக்கிற கடைக்குள் நுழைந்துகொள்வதுதான் வழி. மேலே தகரம், முன்னால் நீலத் தார்ப்பாய். தகரம் ஒழுகினால் மாற்றுவதற்கு எந்த அலுவலகத்தில் கேட்பது என்று விசாரித்து முடிப்பதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்துவிடும். புல்வெளியும் நீச்சல் குளமுமாக ரிசார்ட் கட்டுகிறவர்கள் சின்னங்களை விட்டு விலகி, ஈசிஆர் ஓரமாக ஏக்கர் கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். அந்த வசதி இருந்தால் நீங்கள் ஏன் இதைப் படிக்கப் போகிறீர்கள்?

இடம் ஆயிற்று. என்ன விற்பது?

இதை மட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் ஒத்தவாடைத் தெருவின் பொற்காலத்தைச் சொல்லி உங்கள் மனதைக் கெடுப்பார்கள். வெள்ளைக்காரர் முதுகு மூட்டையோடு வந்து இறங்குவாராம். இரண்டு நாள் என்று வந்தவர் இரண்டு வாரம் இருப்பாராம். மாடியில் ஒரு அறை, காலையில் பனானா பேன்கேக், பகலில் வாடகை சைக்கிள். பழைய புத்தகக் கடையில் நாவல் வாங்கிப் படித்து முடித்துவிட்டு, பாதி விலைக்கு அதே கடையில் திருப்பிக் கொடுப்பார். டெய்லரிடம் தொளதொள பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டு, ‘ஆயிற்றா, ஆயிற்றா’ என்று தினமும் எட்டிப் பார்ப்பார். ராத்திரி ஐஸ் மேல் அடுக்கி வைத்த சிங்கி இறாலைத் தானே தேர்ந்தெடுத்து, எடை போடச் சொல்லி, அது வெந்து வரும்வரை ஒன்றரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அந்தத் தெரு முழுக்கப் பிழைத்தது அவர் சும்மா இருந்த நேரத்தில்தான்.

இப்போது வருகிறவர்களிடம் பணம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. கூட்டத்துக்கும் குறைவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். ஆனால் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊருக்குச் சாலையை நன்றாகப் போட்டுக் கொடுத்தால் ராத்தங்குவதற்கு யாருக்கு என்ன தலையெழுத்து? புதுச்சேரி போகிற வழியில் காலை நீட்ட இறங்குகிற இடமாகிவிட்டது ஊர். 40 ரூபாய் டிக்கெட்டில் (வெளிநாட்டவருக்கு 600) கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டையும் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். வெயிலில் அந்த ஓட்டம் ஓடி முடித்தவர் உங்கள் கடை வாசலுக்கு வரும்போது தண்ணீர் பாட்டிலையும் கழிப்பறையையும் தவிர வேறெதையும் விலை கேட்கிற நிலையில் இருக்க மாட்டார். நேரம் இருக்கிற பணக்காரர்களும் வருகிறார்கள்தான். அவர்கள் ரிசார்ட் மதிலுக்கு உள்ளே இருக்கிறார்கள். காலை, மாலை சாப்பாடு அறை வாடகையிலேயே சேர்த்தி. பொம்மை வாங்க உள்ளேயே ஒரு கண்ணாடிக் கடை.

ஆகவே நான்கு நிமிடத்தில் விற்று முடிகிற சரக்காகப் பாருங்கள்.

நல்ல உதாரணம் சங்கில் பெயர் எழுதித் தருகிற தொழில். வேன் வந்து நிற்கிறது. ஒரு அக்கா இறங்கி வந்து, மகள் பெயரை எழுதச் சொல்கிறார். பெயர் ‘யாழினி’ என்றால் பிழைத்தீர்கள். ‘ஸ்ரீவர்ஷிதா லக்ஷ்மி’ என்றால் சங்கு போதாது. நுனி மெல்லிய பிரஷ்ஷைச் சிவப்புப் பெயின்டில் தொட்டு நீங்கள் ‘ஸ்ரீ’யைச் சுழித்து முடிப்பதற்குள் வேன்காரர் ஹாரன் அடிப்பார். ‘அண்ணா, காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பார் அக்கா. உண்மையைச் சொன்னால் வியாபாரம் போயிற்று. ‘வண்டியில ஏசி இருக்குல்லக்கா, அதுக்கு முன்னாடி காட்டுங்க’ என்று சொல்லி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுங்கள். அதற்குள் அவர் போனை நீட்ட, உங்கள் ஸ்பீக்கர் டப்பா தொகையை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கும். பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் வருமானம் தெரிந்துவிடுகிறதே என்று வருந்த வேண்டாம். அவருடைய டப்பா எத்தனை நேரமாகப் பேசாமல் கிடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஹாரன் அடித்தாரே, அவரைக் கவனியுங்கள். இந்த ஊரில் உங்கள் உண்மையான வாடிக்கையாளர் அவர்தான். எந்த ஓட்டல் வாசலில் வண்டி நிற்கும், எந்தச் சிலைக் கடையில் ‘சும்மா பார்த்துட்டு வாங்க சார்’ என்று இறக்கிவிடுவது, எது ‘டைம் இல்ல சார்’ ஆகப் போகிறது எல்லாம் அவர் கையில். அவருக்குச் சாப்பாடு இலவசம், மீன் துண்டு பெரியது, போகும்போது கமிஷன். அதைப் பொருளின் விலையில் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ஏற்றியதும் வாங்க வந்தவர் போனைத் தட்டி, ‘இதே யானை ஆன்லைன்ல பாதி விலைதான்’ என்பார். அதே யானை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லிப் பயனில்லை.

ஏன் பயனில்லை என்றால் சிலை விஷயம் அப்படி. இதில் கால் வைப்பதாக இருந்தால் கொஞ்சம் விவரமாகவே தெரிந்துகொள்ளுங்கள். கருங்கல்லில் ஒரு முழப் பிள்ளையார் என்றால் உளி பிடித்து வேலை செய்கிற கை வேண்டும், நாள் கணக்கில் ஆகும். மாக்கல் மென்மையானது, சீக்கிரம் செதுக்கலாம், சின்னச் சின்ன யானையும் ஆமையும் அதில்தான். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: கல்தூளைப் பசையில் குழைத்து அச்சில் வார்த்தது. இதற்குச் சிற்பியே தேவையில்லை. மூன்றையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு நிமிட வாடிக்கையாளர் எதை எடுப்பார்? விலைச்சீட்டில் எது சிறியதோ அதை. கல் எது, கலவை எது என்று கையில் கனம் பார்த்துச் சொல்கிறவர், சிற்பி பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்த அந்த மூட்டைக்காரர்தான். அவர் ஆர்டர் கொடுத்த புத்தர் தலை மரப்பெட்டியில் வைக்கோலோடு கப்பலேறிப் போகும்.

பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு யுனெஸ்கோ பட்டியலில் 1984-லேயே இடம். 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் கல்சிற்பத்துக்கான கைவினை நகரம் என்றது. 2017-ல் புவிசார் குறியீடும் வந்தது. அரசு சிற்பக் கல்லூரி 1957-லிருந்து இருக்கிறது. கோயில் திருப்பணி, வெளிநாட்டுக் கோயில் ஆர்டர் என்று கிடைக்கிற நல்ல சிற்பிகள் பட்டறையோடு நிம்மதியாக இருக்கிறார்கள், ரோட்டுக் கடையை நம்பியில்லை. நம்பியிருப்பது நீங்கள். ஆகவே ஒரு யோசனை: புவிசார் குறியீட்டுச் சான்றிதழைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்டி, அதன் கீழே அச்சுப் பொம்மைகளை அடுக்குங்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். யோசனை எனக்கே அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது.

உலகப் பிரமுகர்கள் வரும்போது என்ன செய்வது? வீட்டில் இருங்கள். 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது சாலையோரக் கடைகளை அகற்றித்தான் ஊரை அழகாக்கினார்கள். ஐந்து ரதத்தின் முன்னால் இரு தலைவர்களும் உட்கார்ந்து இளநீர் குடித்த படம் உலகமெல்லாம் போயிற்று. மாமல்லபுரத்து இளநீருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இனிமேல் கிடையாது. வழக்கமாக அங்கே இளநீர் வெட்டுகிறவர்தான் அன்றைக்கு இல்லை. பிறகு வெண்ணெய் உருண்டைக் கல்லின் முன்னால் இருவரும் கைதூக்கி நின்ற படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்று கைதூக்கிப் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் வந்தது உண்மை. அதுவரை சும்மா பார்த்துவந்த அந்தக் கல்லுக்கும் டிக்கெட் வந்தது உண்மை. 2022-ல் செஸ் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகள், ஊரே வெள்ளையடித்துப் பளபளத்தது. ஆட்டக்காரர்கள் ஹோட்டலிலிருந்து அரங்கு, அரங்கிலிருந்து ஹோட்டல் என்று பஸ்ஸில் போய் வந்தார்கள். பஸ் ஜன்னலுக்குச் சங்கு விற்கும் வித்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வங்கியில் கடன் கேட்கப் போகும்போது ஒரு புள்ளிவிவரத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2021-22-ல் மாமல்லபுரச் சின்னங்களுக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான். ஷாஜகானையே முந்திவிட்டோம்! கொரோனாவால் சுற்றுலா விசாவை நிறுத்தி வைத்து, 2021 நவம்பரில்தான் பொதுவாகத் திறந்துவிட்ட ஆண்டு அது. ஒன்றரை லட்சம் பேருக்கு ஐந்தாயிரம்தான் குறைவு, அவ்வளவு பேரும் எங்கே டீ குடித்தார்கள் என்று ஒத்தவாடைத் தெருவில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். மேலாளருக்கு எண் போதும்.

பருவம் பார்க்கவும் தெரிய வேண்டும். மார்கழி, தையில் மேல்மருவத்தூர் போகிற செவ்வாடைப் பக்தர்கள் பஸ் பஸ்ஸாக இறங்குவார்கள். பேரம் பேசுவார்கள், ஆனால் வாங்குவார்கள். பாசிமணி, கண்ணாடி வளையல், கிளிஞ்சல் பதித்த முகக்கண்ணாடி எல்லாம் அப்போதுதான் நகரும். அந்தச் சில வாரங்களை வைத்து ஆடி வரைக்கும் ஓட்டுகிற கடைகள் உண்டு. காணும் பொங்கலன்று மட்டும் கடைக்குள் நுழைவதற்கே நீங்கள் கூட்டத்தில் இடிபட வேண்டும். மாசி மகத்துக்கு இருளர்கள் வந்து கடற்கரை மணலில் சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, ராத்தங்கிக் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் முடித்துக்கொண்டு போவார்கள். இந்த ஊருக்கு வந்து ‘தங்குகிற’ வழக்கத்தை இன்னும் விடாதவர்கள் அவர்கள்தான். டிக்கெட் கவுன்டர் கணக்கில் வரமாட்டார்கள்.

இத்தனையும் படித்த பிறகும் உற்சாகம் குறையவில்லை என்றால், உங்கள் வயதைச் சொல்லுங்கள். இருபதுக்குள் என்றால் கடையை மறந்துவிட்டு அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளுங்கள். இங்கேயும் பக்கத்துக் கோவளத்திலும் மீனவக் குப்பத்துப் பையன்கள் பலகையைப் பிடித்துப் பயிற்சியாளர்கள் ஆகிவிட்டார்கள். 2023-ல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. இதில் ஒரு சூட்சுமம்: பலகை மேல் எழுந்து நிற்க அரை நாள் போதாது. படிக்க வந்தவர் நான்கைந்து நாள் தங்கியாக வேண்டும். விடியற்காலையில் கடலில், அப்புறம் பசியோடு கரையில். ஒத்தவாடைத் தெருவின் பழைய பேன்கேக் வாடிக்கையாளர் கொஞ்சம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறார் என்றே சொல்லலாம். ஆனால் அதற்கு அலைகளோடு பிறந்து வளர்ந்த கால் வேண்டும், பலகை வாங்கப் பணம் வேண்டும். கடற்கரையில் படகு நிறுத்துகிற இடமும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இருபதைத் தாண்டியவர்கள், கடையைத் திறந்து ஆறு மாதத்தில் உள்வாடகைக்கு விட ஆள் தேடுவீர்கள். விளம்பரத்தில் ‘உலகப் பாரம்பரியச் சின்னம் அருகில், நல்ல ஓட்டமுள்ள கடை’ என்று போடுங்கள். கேட்டு வருகிறவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு வரச் சொல்லுங்கள். அட்வான்ஸை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.