முக்கித் தின்னத் தெரியாதவன்

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கார் ஓட்டுவேன். வருமான வரிக் கணக்கை நானே எழுதி அனுப்புவேன். விருந்தாளிகள் முகம் சுளிக்காத அளவுக்கு ரசம்கூட வைப்பேன். ஆனால் டீயில் பிஸ்கட்டை முக்கி, அதை முழுசாக வாய்வரை கொண்டுவந்து சேர்க்க மட்டும் இன்றுவரை வரவில்லை. பாதி விரலில் நிற்கும், மீதி கோப்பைக்குள் போய்விடும். அப்புறம் ஸ்பூனை விட்டு, கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி போடுகிறவன்போலத் துழாவ வேண்டியதுதான். மேலே வருவது பிஸ்கட் அல்ல, கூழ். அதையும் குடித்துவிடுவேன் என்பது வேறு விஷயம்.

அவமானம் என்னவென்றால், நான் குடியிருப்பது இங்கிலாந்தின் ரெடிங் நகரில். 1822-இல் ஜோசப் ஹன்ட்லி இங்கே திறந்த சின்னக் கடை, பின்னாளில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் ஆகி, உலகத்திலேயே பெரிய பிஸ்கட் கம்பெனி என்று பெயரெடுத்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஊர்க் கால்பந்துக் குழுவுக்கே அப்போது ‘பிஸ்கட்காரர்கள்’ என்றுதான் பட்டப்பெயர். 1970-களில் உற்பத்தி நின்றுவிட்டது. தகர டப்பாக்களை இப்போது ஊர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். இப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு முக்கத் தெரியவில்லை என்றால், திருவையாற்றில் வீடு வாங்கிக்கொண்டு தாளம் போடத் தெரியாதவன் கதைதான்.

எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவின் நிர்வாகம் என் மனைவியிடம். போன வருஷம் டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, “விளிம்பில் நிற்கிறீர்கள்” என்றார். அன்றிலிருந்து நாளைக்கு இரண்டு. இரண்டு என்றால் இரண்டுதான். டீக்குள் விழுந்ததும் கணக்கில் சேரும்.

இந்த நிலைமையில்தான் நியூ ஜெர்சியிலிருந்து என் மைத்துனன் வந்து இறங்கினான். அமெரிக்காவில் இருபது வருஷம். டப்பாவைத் திறந்தான், ஒரு டைஜஸ்டிவ் பிஸ்கட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்ன அத்தான், வீட்டில் நாய் வளர்க்கிறீங்களா?”

விருந்தாளி என்று பொறுத்துக்கொண்டேன். “மாப்ளே, இது 1892-இல் வந்தது. மெக்விட்டீஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் கிராண்ட் என்பவர் செய்தது. சோடா உப்பு சேர்த்ததால் ஜீரணத்துக்கு நல்லது என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள்” என்றேன். நானும் அந்த நம்பிக்கையில்தான் பல வருஷம் சாப்பாட்டுக்குப் பின் ஆறு ஏழு என்று மருந்தாக எடுத்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்கு வந்த வழி அதுதான்.

அவன் பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த குக்கிகளை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றும் அதிரசம் அளவு. தொட்டால் அதிரசம்போலவே மெத்தென்று அமுங்கியது. நடுநடுவே சாக்லேட் துண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் அம்மாள் 1930-களில் கண்டுபிடித்த பண்டம் அது. 1997-இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வக் குக்கியாகவே அறிவித்துவிட்டது. மாநிலப் பறவை, மாநிலப் பூ வரிசையில் மாநிலக் குக்கி!

“இதை எதில் முக்குவது?” என்று கேட்டேன்.

“எதுக்கு முக்கணும்? கடிச்சா கரையுது. வேணும்னா ஒரு டம்ளர் பால்.”

இங்கேதான் இரண்டு தேசமும் பிரிகின்றன. இவர்களுக்கு டீ, அவர்களுக்குப் பால். சூடான டீ காத்திருப்பதால் பிரிட்டிஷ் பிஸ்கட் விறைப்பாக நிற்கிறது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் அப்பா மாதிரி. அமெரிக்கக் குக்கிக்கு அப்படி ஒரு பயமும் இல்லை, சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்காவில் பிஸ்கட் என்று கேட்டு நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குப் போனேன். பலகையில் ‘பிஸ்கட்’ என்று எழுதியிருந்தது. ஆஹா என்று டீயைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வரிசையில் நின்றேன். தட்டில் விழுந்தது பன் மாதிரி சுடச்சுட ஒரு வஸ்து. நான் வாயைத் திறப்பதற்குள் அதன் தலையில் வெள்ளையாக ஒரு குழம்பையும் ஊற்றிவிட்டார்கள். பால்கஞ்சி போலும் என்று நினைத்தேன். பன்றி இறைச்சி போட்டதாம். நான் இறைச்சியே தொடாதவன். அன்று காலை டீ மட்டும்தான். அதில் விழ எதுவும் இல்லாததால், வாழ்க்கையிலேயே சுத்தமாகக் குடித்த டீ அதுதான்.

மைத்துனன் எதிரில் என் மானம் காக்க வேண்டுமே என்று முக்குவதைச் சாஸ்திரப்படியே கற்றுக்கொள்ளத் தீர்மானித்தேன். சாஸ்திரம் இருக்கிறது. லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளர் பிஸ்கட் முக்குவதை ஆராய்ந்து, 1999-இல் இக் நோபல் பரிசு வாங்கினார். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருவது. சொட்டாத டீ கெட்டில் மூக்கை ஆராய்ந்தவர்களும் அதே பரிசில் பங்குதாரர்கள். எவ்வளவு பொருத்தம்! பிஸ்கட்டின் மாவைப் பிடித்து நிறுத்துவது உறைந்த சர்க்கரை. சூடான டீ நுண்துளைகள் வழியே ஏறிச் சர்க்கரையைக் கரைத்தால் கட்டிடம் சரிகிறது. ஆகவே செங்குத்தாக இறக்கக் கூடாது, படுக்கவைத்து அடிப்பக்கத்தை மட்டும் நனைக்க வேண்டும். மேல்பக்கம் காய்ந்திருந்து, நனைந்ததைத் தாங்கும்.

அற்புதமான யோசனை. ஆனால் பிஸ்கட்டைப் படுக்கவைக்கும் அளவுக்கு என் கோப்பை வாய் அகலமில்லை. அகலமான பாத்திரம் தேடினேன். கடைசியில் சாம்பார்க் கிண்ணத்தில் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தில் என் மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அன்றைய இரண்டும் கிண்ணத்திலேயே போயின, விரல்களும் கூடவே போனதுதான் புதுசு.

தோற்றவன் கோர்ட்டுக்குப் போவது வழக்கம். நானும் சட்டத்துக்குத் தாவினேன். இங்கே ஜாஃபா கேக் என்று ஒன்று உண்டு, 1927-இல் வந்தது. அடியில் கேக், மேலே ஆரஞ்சு ஜெல்லி, அதற்கு மேல் சாக்லேட். பிஸ்கட் அளவுதான், கடையில் பிஸ்கட்டோடுதான் இருக்கும். பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. சாதா பிஸ்கட்டுக்கும் கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மட்டும் முழு வரி, இன்றைக்கு 20 சதவீதம். வரித்துறை “இது பிஸ்கட்” என்றது, கம்பெனி “பெயரிலேயே கேக் இருக்கிறதே” என்றது. 1991-இல் தீர்ப்பாயம் உட்கார்ந்து அளவு, மாவு, கடையில் வைக்கும் இடம் எல்லாவற்றையும் அலசியது. அதில் ஒரு வாதம் என் மனசைத் தொட்டது: நாள்பட்டால் பிஸ்கட் நமத்துப்போகும், கேக் காய்ந்து இறுகும். ஜாஃபா இறுகுகிறது. கேக்கேதான். வரி இல்லை.

இந்த வரித்துறையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இஞ்சி பிஸ்கட்டில் மனித பொம்மை செய்வார்கள். சாக்லேட்டால் இரண்டு கண் வைத்தால் வரி இல்லை. அதற்கு மேல் சாக்லேட்டில் உடுத்திவிட்டால் வரி. போர்பன் பிஸ்கட்டில் சாக்லேட் உள்ளே ஒளிந்திருப்பதால் வரி இல்லை. சாக்லேட் துண்டுகளை மாவிலேயே போட்டுச் சுட்டுவிட்டாலும் இல்லை. மறைத்துச் சாப்பிடுகிறவனைச் சட்டம் விட்டுவிடுகிறது. என் வீட்டில் அந்தச் சலுகை இல்லை.

சரி, தீர்ப்பாயத்தின் சோதனையை நம் வீட்டிலேயே செய்துவிடலாம் என்றேன். தட்டில் ஒரு டைஜஸ்டிவ், ஒரு ஜாஃபா, மைத்துனனின் குக்கி ஒன்று. மூடாமல் சமையலறையில் மூன்று நாள். “தட்டு பக்கமே நீங்க போகக் கூடாது” என்று மனைவி உத்தரவு. போகவில்லை. இரவில் தண்ணீர் குடிக்கப் போனபோது எண்ணி மட்டும் பார்த்தேன், நான்கு முறை.

மூன்றாம் நாள் திறந்த சபையில் பரிசோதனை. வெளியே மழை, டைஜஸ்டிவ் நமத்து வளைந்தது. ஜாஃபாவின் அடி காய்ந்திருந்தது. குக்கியை எடுத்து மேஜையில் தட்டினேன், ‘டொக்’ என்றது.

“மாப்ளே, முடிஞ்சது. உங்க ஊர்க் குக்கி பிஸ்கட்டே இல்லை, கேக்!”

அவன் அசரவில்லை, போனைத் தட்டினான். “பேரிலேயே அதான் இருக்கு அத்தான். டச்சுக்காரங்க நியூயார்க்கை ஆண்ட காலத்து வார்த்தை. கூக்யே. குட்டிக் கேக்குன்னு அர்த்தம். நாங்க எப்பவும் பொய் சொல்லலை. உங்க பிஸ்கட்டுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? லத்தீனில் ‘இரண்டு தடவை சுட்டது’. உங்க டைஜஸ்டிவை ஒரு தடவைதானே சுடறாங்க?”

எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மையிலேயே இரண்டு தடவை சுடுவது எது என்று யோசித்தேன். ரொட்டியாகச் சுட்டு, வெட்டி, மறுபடியும் சுடுவது.

அடுப்படி ஓரமாக நின்று என் மனைவி ரஸ்க்கை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவள் தொடுவது அது ஒன்றைத்தான். முக்கினாள், எடுத்தாள், கடித்தாள். ஒரு துணுக்கு விழவில்லை.

“அக்கா ஒருத்திதான் இந்த வீட்டில் பிஸ்கட் சாப்பிடறா” என்றான் மைத்துனன்.

“எனக்கு எதுக்குடா இதெல்லாம்? சின்ன வயசில் காய்ச்சல் வந்தா மாரி பிஸ்கட் கொடுப்பாங்க. அதிலேயே எனக்கு பிஸ்கட் வெறுத்துப்போச்சு” என்றாள்.

அந்த மாரி, 1874-இல் எடின்பரோ கோமகனை மணந்த ரஷ்ய இளவரசி மரியாவின் பெயரால் லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி போட்டது. காய்ச்சலுக்குக் கொடுப்பதால் அது மாரியம்மன் பிரசாதம் என்று பத்து வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதை மைத்துனனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு வாங்கிய அடியே போதும்.

அவன் ஊர் திரும்பிவிட்டான். மிச்சக் குக்கிகளைப் பெருந்தன்மையாக விட்டுப் போயிருக்கிறான். டைஜஸ்டிவோடு அவற்றையும் சேர்த்து என் மனைவி இடம் மாற்றிவிட்டாள். துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே உள்ள அலமாரி, மேல் தட்டு, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால். முழங்கால் வலிக்காக ஸ்டூல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் ஐந்தடி மூன்று அங்குலம். ரெடிங் பக்கம் வருகிற வாசகர்களில் உயரமானவர்கள் யாராவது இருந்தால், சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் வரவும். அவள் காய்கறி வாங்கப் போயிருப்பாள். டீ நான் போட்டுத் தருகிறேன்.