தகடு வளைக்கும் கிருகஸ்தர்

கோயம்புத்தூரில் கணபதி, சிங்காநல்லூர், பீளமேடு முதலிய பிரதேசங்களில் லேத்துப் பட்டறைகளும் பவுண்டரிகளும் தெருவுக்குத் தெரு நிறைந்திருப்பதால், இரும்பின்மேல் பக்தி கொள்வதற்கு அங்கே யாருக்கும் தனியாக ஒரு தீட்சை வேண்டுவதில்லை. பக்கத்து வீட்டு கிரைண்டர் சத்தமே போதும். அந்தப் பக்தி முற்றிய கிருகஸ்தர்களுள் ஒரு வகையினர் உண்டு. வாரம் முழுவதும் வங்கியிலோ மில் ஆபீசிலோ பிறர் கணக்கைப் பார்த்து அலுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதன் வயிற்றை இரும்புத் தகட்டால் மூடிக் கல்லடியிலிருந்து காப்பாற்றும் உபாயங்களைச் சிந்திப்பவர்களே அவர்கள். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்கென்று உற்பத்தியாகத் தொடங்கி, 1947 முதல் நம் தேசத்திலும் பூட்டப்பட்டு வந்த ஜீப் வம்சம், பாலைவனத்தையும் பனியையும் யுத்தகளத்தையும் இவ்வளவு தகடு இல்லாமலேயே கடந்து வந்தது என்பதை நினைவூட்டினால், அவர்களுள் ஒருவரான நம் நண்பர் சற்றும் அசைவதில்லை. "அது சர்க்கார் வண்டிங்க. இது என்ற சொந்தக் காசு" என்பார்.

இந்தச் சாஸ்திரத்தின் பூர்வாங்கம் அட்டையில் நடக்கிறது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், எஞ்சின் எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றின் மேடுபள்ளங்களை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகே தகட்டில் கோடு கிழிக்க வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். ஆனால் தடித்த அட்டை வேண்டுமே! புதிதாக வந்த ஃபிரிட்ஜ் பெட்டியை வாரண்டிக் காலம் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்று வீட்டம்மாள் பரண்மேல் ஏற்றி வைத்திருக்க, அது மறுவாரமே கீழே இறங்கி, எண்ணெய்த் தொட்டிக்கு முன்மாதிரியாகிவிடுகிறது.

அப்பால் வருவதுதான் மடிப்பு. தகடு மடிபடும்போது வெளிப்புறம் நீளுகிறது, உட்புறம் குறுகுகிறது, இரண்டுக்கும் நடுவில் நீளாமலும் குறுகாமலும் ஒரு ரேகை நிற்கிறது. இதன் பலன் என்னவெனில், 3 மில்லி தகட்டில் வெளியளவாக 100 மில்லியும் 50 மில்லியும் கொண்ட இரு பக்கங்கள் வேண்டுமென்றால், 150 மில்லி வெட்டக் கூடாது. மடிப்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லி கழித்தே வெட்ட வேண்டும். வங்கியில் ஒரு ரூபாய் பேதத்தைத் தேடி இரவு எட்டு மணி வரை உட்காரும் இம் மனிதர், இந்த 5 மில்லியை மாத்திரம் தாராள மனத்தோடு விட்டுக்கொடுத்துவிடுகிறார். நான்கு மடிப்பு முடிவதற்குள் போல்ட்டுத் துவாரங்கள் சேஸிஸ் துவாரங்களைவிட்டு இரண்டு சென்டிமீட்டர் தூரம் யாத்திரை போயிருக்கின்றன. உடனே அரத்தை எடுத்து, வட்டத் துவாரங்களை நீள்வட்டமாக ராவி, "அட்ஜஸ்ட்மெண்டுக்கு இடம் விட்டிருக்கிறேன்" என்று பிரகடனம் செய்கிறார்.

மடிக்கும் கிரியையை அருகில் நின்று பார்க்க வேண்டும். சிமெண்டுத் திண்ணையில் இரண்டு ஆங்கிள் துண்டுகளுக்கிடையே தகட்டைக் கவ்வ வைத்து, சி-கிளாம்புகளை முறுக்கி, தகட்டின் நீட்டிய விளிம்பில் இன்னொரு ஆங்கிளைக் கட்டி, அதில் நாலடிக் குழாய் ஒன்றை நெம்புகோலாக மாட்டி, வேஷ்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு சரீரத்தின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்க்கிறார். தகடு மெல்ல இணங்குகிறது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, சரியாக 90 பாகை என்று திருப்தியடைந்து கையை எடுத்த மாத்திரத்தில், இரும்புக்கே உரிய பிடிவாதத்தால் அது ஓரிரு பாகை பின்வாங்கிவிடுகிறது. முன்கூட்டியே அந்த ஓரிரு பாகையைச் சேர்த்து மடித்திருக்க வேண்டுமென்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் செய்வது வேறு விஷயம். 5 மில்லி தகடானால் குழாய்க்கு மசியாது. மடிப்புக் கோட்டின்மேல் கிரைண்டர் சக்கரத்தால் பாதிக் கனம்வரை பள்ளம் ஓட்டி, மடித்தபின் அந்தப் பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். அந்தப் பற்றவைப்பு பார்ப்பதற்கு அழகாக இராது. அதற்காகவே கறுப்புப் பெயிண்ட் இருக்கிறது.

எடுபிடியாக நிற்கும் எதிர்வீட்டுப் பையன் மட்டும், "ஏனுங்ணா, முக்குப் பட்டறைல பெண்டிங் மிஷின் இருக்குதுங்களே, ரெண்டு நிமிஷத்துல மடிச்சுக் குடுப்பாங்ணா" என்று வாரந்தோறும் விண்ணப்பித்துக்கொள்கிறான். "மிஷின்ல மடிச்சா அது அவன் தகடு தம்பி" என்று பதில் வருகிறது. என் அபிப்பிராயத்தில், அவர் சொல்லும் காரணங்களுள் நியாயமானது இந்த ஒன்றுதான். அலுமினியம் போட்டால் எடை மூன்றில் ஒரு பங்குதானே என்று யாராவது யோசனை சொன்னால், விலையைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

எடை விஷயம் விநோதமானது. 5 மில்லி இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ. மூன்று சதுர மீட்டர் பூட்டினால், கனத்த சரீரமுள்ள மாமனார் ஒருவர் சதாகாலமும் வண்டியின் அடியில் தொற்றிக்கொண்டு வருவதற்குச் சமானம். அந்தப் பாரத்தால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, தகட்டின் கனமும் சேர்ந்துகொள்ள, முன்பு சுகமாகத் தாண்டிக்கொண்டிருந்த காலனி வேகத்தடையில் வண்டியின் வயிறு 'கிறீச்' என்று உரசுகிறது. நம் நண்பர் இறங்கி, குனிந்து, கீறலை விரலால் தடவிப் பார்த்து, "பார்த்தீங்களா! தகடு இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார். தகடு இல்லாவிட்டால் உரசியே இராது என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. மலைப்பாதை என்று அவ்வண்டி கண்டதெல்லாம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டையூசி வளைவுகளே. அவை முழுவதும் தார் ரோடு.

கர்ணனிடம் கவசத்தை யாசிக்க இந்திரன் வந்தான். இவரிடம் வருகிறவர் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. முன்பக்கத்து முட்டுக்கம்பிகள் பாதசாரிகளுக்கும் பயணிகளுக்கும் ஆபத்தானவை என்று 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நம் நண்பர் முட்டுக்கம்பியை மட்டும் மரியாதையாகக் கழற்றிவிட்டார். அடிவயிற்றுத் தகட்டைக் காண எந்த அதிகாரியும் ரோட்டில் மல்லாந்து படுக்கப் போவதில்லை என்பது அவருடைய வியாக்கியானம்.

இவ்வளவு ஞானம் வீட்டுக்குப் பயன்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. "ஏனுங்க, சம்ப் மோட்டார் மழைல நனையுதுங்க, ஒரு மூடி பண்ணிக் குடுங்க" என்று வீட்டம்மாள் நெடுநாளாகக் கேட்டுவந்ததற்கு இணங்கி, மிச்சப்பட்ட 5 மில்லி தகட்டில் நாற்புறமும் மடித்து, மூலைகளைப் பற்றவைத்து, 45 கிலோ எடையில் ஒரு மூடி செய்து, பையனும் தாமுமாகத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். கைப்பிடி வைக்க மறந்துபோயிற்று. அவர் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள் மோட்டார் நின்றுவிட, வந்த பிளம்பர் அந்த மூடியை மூன்று பக்கமும் சுற்றிவந்து, ஒருமுறை அசைத்துப் பார்த்து, நிமிர்ந்து நின்று கேட்டார்: "ஏனுங்க்கா, உள்ள மோட்டாருதான் இருக்குதுங்களா?"